பேண்டு மேடையில் ஒரு முனியாண்டி

மலேசியாவின் கிள்ளானில் மூடிக் கிடக்கும் அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவின் நடுவில் எட்டுத் தூண்களோடு ஒரு பேண்டு மேடை நிற்கிறது. ஒரு காலத்தில் ஞாயிறுதோறும் ரயில்வேக்காரர்களின் பேண்டு அங்கே முழங்கியது. ஒலிபெருக்கி வந்தது, வாத்தியக்காரர்கள் போனார்கள். மேடை, துருவிய ஐஸில் சர்பத் ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங் கடையானது. பிறகு உடைந்த ராட்டினக் குதிரைகளின் கிடங்கானது. கடைசியில் மிஞ்சியது மேடையின் இரும்புச் சுற்றுக் கம்பிதான். அதையும் திருடர்கள் அறுக்கத் தொடங்கியபோது, அறந்தாங்கியிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த சதீஷ்குமாரைக் காவலுக்குப் போட்டார் மேலாளர் லியோனல். வந்த அன்றே பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டிக்கொண்டார். அது சட்டப்படி குற்றம். அதைக் கேட்கத் துணியாத ஆளைத்தான் இந்த வேலைக்குப் பொறுக்கி எடுக்கிறார்கள்.

கம்பி போனால் பழி தன் தலையில்தான் விழும் என்று சதீஷ்குமாருக்குத் தெரியும். சாமி நம்பிக்கை துளியும் இல்லாத மனிதர், ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசி, சிவப்புத் துணி சுற்றி, முனியாண்டி என்று மேடையில் நட்டார். திருட்டு நின்றது.

ஆனால் கும்பிடு தொடங்கிவிட்டது. பூங்கா வாசலில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்கும் வீரம்மா, டிரைவிங் டெஸ்டில் மூன்று முறை தோற்ற மகன் லைசென்ஸ் வாங்கியது இந்த முனியாண்டியின் அருள் என்று எலுமிச்சை மாலை போட்டார். வெள்ளிக்கிழமைதோறும் கூட்டம் சேர்ந்தது. விபூதி கொடுக்க ஆள் வேண்டுமே? காவலாளியே பூசாரியானார்.

பெர்மிட் முடியும் மாதம் வந்தது. ஊரில் நான்கு வயது மகள். அப்பாவைப் போனில் மட்டுமே பார்த்தவள்.

"பாஸ், பாஸ்போர்ட்ட கொடுங்க. ஊருக்குப் போறேன்."

"நீ போனா பூசை யாரு பாக்குறது? வீரம்மா ஆளுங்க என்னைய உரிச்சிருவாங்க லா."

"நீங்க சர்ச்சுக்குப் போற ஆளு. உங்களுக்கு என்ன பாஸ் இதுல?"

"ஓசியில ஒரு சாமி காவலுக்கு நிக்குது. எவனாச்சும் விடுவானா?" என்று சிரித்தார் லியோனல். "அவங்க சரின்னு சொல்லட்டும், உடனே தரேன்."

அந்த வெள்ளிக்கிழமை, நிறைந்த கூட்டத்தின் முன்னால் சதீஷ்குமார் வாயைத் திறந்தார்.

"அக்கா, கேளுங்க. இது சாமி இல்ல. கக்கூஸ் பக்கம் கெடந்த கல்லு. திருடனுக்குப் பயங்காட்ட நான்தான் வச்சேன். என்னை ஊருக்கு விட்டுருங்க!"

அழுகையும் கோபமும் முட்டி உடம்பு நடுங்கியது. கண்கள் சிவந்திருந்தன.

வீரம்மா சட்டென்று தரையில் விழுந்தார். "இறங்கிட்டாருடி! நம்ம பக்திய சோதிக்கிறாரு!"

"நான் சதீஷ்குமாருக்கா!"

"பாரு, பூசாரி பேரச் சொல்லி ஏமாத்துறாரு! எங்கள விட்டுப் போகமாட்டேன்னு வாக்கு குடு சாமி!"

தூணுக்குத் தூண் ஆட்கள் நெருங்கி நின்றார்கள். இறங்க இடமில்லை. யாரோ அவர் தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள்.

திங்கட்கிழமை லியோனல் பெர்மிட்டை நீட்டிக்க மனு அனுப்பினார். சதீஷ்குமாரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.