ஒரு செட் மாத்திரை

என் வயிற்றைக் கெடுத்தவர் என் மனைவியின் அண்ணன். ஸ்ரீரங்கத்தில் மெடிக்கல் வைத்திருக்கிறார். நான் சத்திரம் பேருந்து நிலையத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் இடையே தனியார் டவுன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். தொண்டை கரகரத்தால் டாக்டரிடம் போக லீவு கிடைக்காது. கடை முன்னால் நின்று, ஒரு செட் குடுங்க மச்சான் என்றால் போதும். நாலைந்து மாத்திரைகளை வெட்டிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். அதில் ஒரு ஆன்டிபயாடிக் கட்டாயம் இருக்கும். இரண்டு வேளையில் சரியாகிவிடும். மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடுவேன். ஊரே அப்படித்தான்.

பல வருடம் இப்படியே போயிற்று. போன வருடம் வயிற்றுப்போக்கு பிடித்தது, நிற்கவே இல்லை. ஒருநாள் காவிரிப் பாலத்தின் நடுவில், பஸ் நிறைய ஆட்களோடு, சீட்டிலேயே ஆகிவிட்டது. அடுத்த வாரமே முதலாளி ஸ்டியரிங்கை வேறொருவனிடம் கொடுத்துவிட்டு, என்னை ஸ்டாண்டில் நேரம் குறிக்க உட்கார வைத்தார்.

தில்லை நகரில் ஒரு குடல் டாக்டர் நிதானமாகச் சொன்னார். குடலில் கோடிக்கணக்கில் நல்ல பாக்டீரியாக்கள் இருக்கின்றன. நாம் தின்னும் கீரை, காயின் நாரைச் சிதைத்துக் குடல் சுவருக்குச் சாப்பாடு போடுவது அவைதான். கெட்ட கிருமிக்கு இடம் விடாமல் காவல் இருப்பதும் அவைதான். அடிக்கடி போட்ட ஆன்டிபயாடிக் அவற்றையும் சேர்த்துக் கொன்றுவிட்டது, காலியான இடத்தில் கெட்டது பெருகிவிட்டது என்றார். பழையபடி ஆக மாதக்கணக்கில் ஆகுமாம். முழுசாக ஆகுமா என்பதை அவராலும் சொல்ல முடியவில்லை.

அப்போதும் எனக்கு மச்சான் மேல் கோபமில்லை. பாவம், அவருக்கும் தெரிந்திருக்காது என்றே நினைத்தேன். பிறகு ஒருநாள் நான் கடையில் நின்றபோது அவர் மகள் போன் செய்தாள். பேரனுக்குச் சளி.

"வெறும் சளிக்கு ஆன்டிபயாடிக் குடுத்துடாதம்மா. வயித்துல இருக்கிற நல்ல கிருமியும் செத்துடும்" என்றார், என் முன்னாலேயே.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவர் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்காருகிறேன். யார் வந்து செட் கேட்டாலும், என் சீட்டில் நடந்தது உட்பட எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்கிறேன். பாதிப் பேர் டாக்டரிடம் போய்விடுகிறார்கள். மச்சான் முகம் கறுக்கும்போது எனக்கு இனிக்கிறது, மறைப்பானேன்.

நேற்று கூட்டமாக இருந்த நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியாம நடந்துபோச்சு மாப்ள. விட்டுடுங்க."

"பேரன் விஷயத்துல மட்டும் எப்படி தெரிஞ்சுது மச்சான்?"

அவர் என் கையை விட்டார். செட் வாங்க நின்றிருந்த அத்தனை பேரும் அவர் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.