பீட்சா பலகாரமா, சாப்பாடா

எனக்கு எழுத வராது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ரிப்பேருக்கு வரும் மோட்டார்களில் கட்டும் சீட்டில் ஆள் பெயரும் ஊர்ப் பெயரும்தான். நாலு பேர் படிக்கிற இடத்தில் என் எழுத்தையும் கொண்டுவந்து வைப்பது அதிகப்படி என்று தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகளின் கல்யாணம் முடிவான விதத்தை எங்கள் உறவில் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். ஒருவர் சொல்வதில் நான் மேஜையைத் தட்டிக்கொண்டு எழுந்தேனாம். நான் யார் முன்னாலும் மேஜையைத் தட்டியவன் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

திருத்தணியில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவந்து போடுவார்கள். பழைய கம்பியைப் பிடுங்கி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் விட்டுக் காயவைத்துக் கொடுப்பேன். இதில் பேச வேண்டியது அதிகம் இல்லை. வீட்டுக்காகப் பேச வேண்டியதை என் மனைவியின் அண்ணன் பேசிவிடுவார். அவரைப் பாவா என்று கூப்பிடுவேன். கே.ஜி.கண்டிகையில் நிலம் வைத்திருப்பவர். கடைக்கு இடம் பிடித்தது, மகளுக்குக் காலேஜ் சீட்டு வாங்கியது எல்லாம் அவர்தான். அவர் பேசும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அது எனக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது.

மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதையும் அவரே எடுத்துக்கொண்டார். ஏற்கெனவே இரண்டு இடம் வந்தது. இரண்டுக்கும் பாவா, “சொல்லி அனுப்பறோங்க” என்றார். பிறகு அந்தப் பையனின் வீட்டைப் பார்க்க வேண்டும், கிணற்றைப் பார்க்க வேண்டும், பக்கத்து வீட்டில் விசாரிக்க வேண்டும் என்று நாள் போனது. அதற்குள் அவர்கள் வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள். மகள் அந்த இரண்டுக்கும் கவலைப்படவில்லை. மூன்றாவதாக வந்த இடம் அப்படி இல்லை. பையன் சென்னையில் அவள் வேலை செய்யும் கட்டடத்திலேயே வேறொரு மாடியில் வேலை செய்கிறவன். ஆர்.கே.பேட்டையில் தறிக்காரர் வீடு. எங்கள் ஆட்கள்தான், தூரத்து உறவும் வரும். அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று என் மனைவியிடம் சொல்லியிருந்தாள். மனைவி என்னிடம் சொன்னாள். பாவாவுக்கும் தெரியும். “புடிச்சா போதுமா? பாக்க வேண்டியத பாக்க வேணாமா?” என்றார்.

வீட்டுக்கு வரவழைத்துப் பெண் காட்டினால் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது முறையும் தவறிப்போனால் பெண்ணைத்தான் பேசுவார்கள். அதனால் சென்னையிலேயே ஒரு இடத்தில் இரண்டு வீட்டாரும் பார்த்துக்கொள்வது என்று ஆயிற்று. பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் ரயில் ஏறிப் போய் கிண்டியில் சந்திக்க வேண்டியதாயிற்று. இடத்தைப் பிள்ளைகள் இரண்டு பேரும் பார்த்து வைத்தார்கள். ஆபீஸ்கள் இருக்கும் தெருவில் ஓர் இத்தாலி ஹோட்டல். பீட்சாதான் அங்கே முக்கியம். சனிக்கிழமை கூட்டம் இருக்காது, உட்கார்ந்து பேசலாம் என்றாள் மகள்.

அங்கேதான் தப்பு நடந்தது. தப்பு என்னவென்று சொல்வதற்கு எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கேசரி, பஜ்ஜி, காபி கொடுப்போம். அவர்களும் சாப்பிடுவார்கள். அது பலகாரம். அதற்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது. சாப்பாடு என்றால் வேறு. சம்பந்தம் பேசும் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து சாப்பாடு சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று பொருள். கை நனைத்துவிட்டார்கள் என்பார்கள். அதற்குப் பிறகு வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் ஊரில் தலை காட்ட முடியாது. முடிவாகும் வரை பெரியவர்கள் யாரும் கை நனைக்க மாட்டார்கள். பிள்ளைகளுக்கு இது தோன்றவில்லை. பீட்சா ஹோட்டல் என்று கேட்டபோது எங்களுக்கும் தோன்றவில்லை. கண்ணால் பார்க்காத பண்டம். டீக்கடை மாதிரி ஒரு கடை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நானும் மனைவியும் பாவாவும் காலை மின்சார ரயிலில் போனோம். சென்ட்ரலிலிருந்து மெட்ரோ. பாவா வேட்டியில் வந்திருந்தார். மகள் கிண்டி ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தாள். அவளோடு நடந்தோம். இரண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள், வாசலில் கழுத்தில் அட்டை தொங்கும் பையன்கள் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஹோட்டல் ஒரு பாங்குக்குக் கீழே இருந்தது. உள்ளே கடைசியில் செங்கல் அடுப்பு. அதில் கட்டை எரிந்துகொண்டிருந்தது. ஒருவர் மாவை உள்ளங்கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார். பெரிய ஹோட்டல் என்று சொல்ல முடியாது. ஆனால் மேஜைமேல் துணி விரித்திருந்தார்கள்.

பையன் வீட்டார் முன்னாலேயே வந்திருந்தார்கள். பையன், அவன் அம்மா, அப்பா. எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னோம். யாரும் யாரையும் சம்பந்தி என்று கூப்பிடவில்லை. ஏங்க, வாங்க என்றே போயிற்று. பையனின் அப்பா நன்றாகப் பேசுகிறவர். கரண்டு போவது, நூல் விலை, தறி என்று பேசினார். நான் காயில் கட்டுகிறவன் என்று தெரிந்ததும், “எங்க தறி மோட்டார் ஒன்னு சத்தம் போட்டுகினே கீதுங்க” என்றார்.

“பேரிங்கா இருக்கும்” என்றேன்.

பிள்ளைகள் இரண்டு பேரும் மெனு அட்டையைப் பார்த்து என்னென்னவோ சொன்னார்கள். பாவா, “எங்களுக்குக் காபி போதும்மா” என்றார். மகள், “மாமா, மத்தியான நேரத்துல காபி மட்டும் குடிச்சா நல்லா இருக்காது. எல்லாம் காய் போட்டதுதான் சொல்லியிருக்கோம்” என்றாள்.

கொஞ்ச நேரத்தில் மூன்று பீட்சா வந்தது. வட்டமான மரப் பலகைமேல், வெட்டி வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு தட்டு, முள் கரண்டி, கத்தி. பரிமாறிய பெண் வடநாட்டுப் பெண். கேட்காமலேயே ஒவ்வொருவர் தட்டிலும் ஒரு துண்டு எடுத்து வைத்துவிட்டுப் போனாள். அப்போதுதான் பெரியவர்கள் ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது. மத்தியான நேரம். ஆளுக்கொரு தட்டு. ஒரே மேஜை. பாவா கையை மடியில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்துப் பையனின் அப்பாவும் கையை எடுத்துக்கொண்டார்.

பிள்ளைகள் தின்ன ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

“சாப்பிடுங்க மாமா” என்றான் பையன்.

“நீங்க சாப்பிடுங்க தம்பி. நாங்க காலைல லேட்டா சாப்பிட்டோம்” என்றார் பாவா. நாங்கள் அரக்கோணத்தில் ஒரு டீ குடித்ததோடு சரி.

“எங்களுக்கும் அப்படித்தாங்க. பசியே இல்ல” என்றார் பையனின் அப்பா. அவர் கண் தட்டில் இருந்தது.

மேலே போட்டிருந்த சீஸ் இறுகி, விளிம்பு பழுப்பாகிக்கொண்டு வந்தது. பாவா மழையைப் பற்றிப் பேசினார். பையனின் அப்பா மழையைப் பற்றிப் பேசினார். பரிமாறிய பெண் வந்து பார்த்தாள். “சார், டேஸ்ட் சரியில்லையா? வேற கொண்டு வரவா?” என்றாள். “சூப்பரா கீதும்மா” என்றார் பாவா, தொடாத தட்டைக் காட்டி. அவள் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போனாள்.

பையன் அவன் அம்மாவிடம் குனிந்து ஏதோ கேட்டான். அந்த அம்மா மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. “பொண்ணு வீட்டாங்க மனசு தெரியாம நாம எப்டிடா கை நனைக்கிறது?” என் மகள் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

அந்த அம்மா பாவாவைப் பார்த்து, “ஏங்க, ஒரு வார்த்த நேராவே கேட்டுடறேன். எங்களுக்கு இன்னொரு எடம் சொல்லிகினு கீறாங்க. பையன்தான் இத மொதல்ல பாக்கணும்னான். நீங்க இன்னா நெனைக்கிறீங்க?” என்றார்.

பாவா வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்வார் என்று என் மனைவிக்கும் மகளுக்கும் எனக்கும் தெரியும். அந்த நேரம் அவர் செல்போன் அடித்தது. நெல் அறுக்கும் மெஷின் கழனிக்கு வந்து நிற்கிறதாம், வழி விடமாட்டேன் என்று பக்கத்துக் கழனிக்காரர் தகராறாம். “ஒரு நிமிஷங்க” என்று வெளியே போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை ஆட்டிப் பேசுவது தெரிந்தது.

மகள் என் பக்கம் சாய்ந்தாள். “நைனா, மாமா வந்து சொல்லி அனுப்பறோம்னு சொல்லப்போறாரு.”

“ஆங்” என்றேன்.

“இவங்க எழுந்து போயிட்டா அவ்ளோதான்.”

நான் பையனைப் பார்த்தேன். அவனும் தன் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் நான் அதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. பேசச் சொன்னால் என்ன பேசுவது என்றும் தெரியாது. எழுந்து, கை கழுவும் இடம் எங்கே என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அடுப்புக்குப் பின்னால் காட்டினாள். வார்னிஷ் கறை கழுவினால் போகாது, இருந்தாலும் சோப்புப் போட்டுக் கழுவினேன். துடைக்கக் காகிதம் இருந்தது. நான் எடுக்கவில்லை. ஈரக் கையோடு வந்து உட்கார்ந்தேன்.

பையனின் அம்மா என் கையைப் பார்த்தார். நான் கரண்டியைத் தள்ளிவைத்துவிட்டுத் துண்டைக் கையால் எடுத்துக் கடித்தேன். ஆறிப்போய் இழுவையாக இருந்தது. மெல்லுவதற்கு நேரம் பிடித்தது. பிறகு அந்த அம்மாவும் ஒரு துண்டை எடுத்தார். “நீயும் எடு” என்றார் தன் வீட்டுக்காரரிடம். அவர் ஏற்கெனவே எடுத்திருந்தார்.

பாவா திரும்பி வந்தபோது என் கையில் பாதித் துண்டு இருந்தது. நின்றபடியே எல்லாத் தட்டுகளையும் பார்த்தார்.

“இன்னா மாப்ளே இது?” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். “சரி, சாப்பிடு, சாப்பிடு. இது பலகாரந்தானே. மாவுல தட்டி, மேல ரெண்டு தக்காளி. நம்ம ஊரு அடை மாதிரி. இதெல்லாம் கணக்குல வராதுங்க.”

“நல்லா இருக்குதுண்ணே உங்க ஞாயம்” என்றார் பையனின் அம்மா. “பஜ்ஜி துன்றதுக்கு யாராவது போயி கை கழுவிகினு வருவாங்களா?”

“பட்டணம்மா இது. கை கழுவறது சுத்தத்துக்கு.”

“அப்ப உங்க மச்சானையே கேளுங்க. அவரு துன்னது பலகாரமா, சாப்பாடான்னு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாயில் கொஞ்சம் இருந்தது. அதை விழுங்கினேன். பாவாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

“சாப்பாடுதான் பாவா.”

அவ்வளவுதான் நான் பேசியது. எழுந்தும் நிற்கவில்லை.

பாவா செல்போனை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார். வெளியே போகப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அடுப்புக்குப் பின்னால் போனார். வேட்டி முனையில் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். பலகையில் மிச்சம் இருந்ததில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்தார். இரண்டு வாய் தின்றுவிட்டு, “உப்பு கம்மி” என்றார்.

“மொளகாத் தூள் கீது பாருங்க சம்பந்தி, போட்டுக்கோங்க” என்றார் பையனின் அப்பா. அந்த வார்த்தை அப்போதுதான் முதலில் வந்தது. என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என் மகள் மறுபடியும் தின்ன ஆரம்பித்தாள். பையன் இன்னும் ஒரு பீட்சா சொன்னான். சூடாக வந்தபோது அது வேறு பண்டம் மாதிரி இருந்தது.

ரயிலில் பாவா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. அரக்கோணம் தாண்டியதும் திரும்பினார்.

“மாப்ளே, அந்த வூட்ட ஒருவாட்டி போயி பாத்துட்டு வரலாமா?”

“போலாம் பாவா.”

“கை நனைச்சிட்டு இனிமே பாத்து இன்னாண்ணா பண்ணப் போற?” என்றாள் என் மனைவி.

“கெணத்துல தண்ணி எவ்ளோ கீதுன்னு பாக்க வேணாமா?” என்றார். திருத்தணி வரை அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஆர்.கே.பேட்டையிலிருந்து போன் வந்தது. மனைவி எடுத்தாள். கல்யாணத்தைத் தை மாதத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றார்களாம். எனக்கு வயிறு சரியில்லை. ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போய், சனிக்கிழமை கொடுத்திருக்க வேண்டிய மோட்டாருக்கு வார்னிஷ் விட்டேன்.