பெஞ்சில் ஏறிய அத்தை

பிள்ளைகளா, நேற்று இங்கே அமெரிக்காவில் நம் ஃபிரிஸ்கோ வீட்டு டிவியில் பழைய கறுப்பு வெள்ளை ஹாலிவுட் படம் ஓடியதே, அதில் லஞ்சம் வாங்கிய மேயரை ஒரு பெண் சபையில் நிறுத்திக் கேட்டாளே, எனக்கு என் அத்தை ஞாபகம் வந்துவிட்டது.

என் சின்ன வயதில் எங்கள் ஊர் டாக்கீஸிலும் அப்படி ஒரு படம் வந்தது. பீடிப் புகைக்கு நடுவே, இங்கிலீஷ் தெரிந்த யாராவது சத்தமாகக் கதை சொல்வார்கள். அன்று சொன்னவர் எங்கள் கவுன்சிலர். தெருக்குழாய்த் தண்ணீரைத் தன் வீட்டுக்குத் திருப்பிக்கொண்டவர்.

"அந்தம்மா மேயர்கிட்ட மன்னிப்பு கேக்குது" என்றார்.

இங்கிலீஷே தெரியாத அத்தை, பெண்கள் பக்கத்தில் பெஞ்சின்மேல் ஏறி நின்றாள்.

"யோவ் கவுன்சிலரே, அது மன்னிப்பு கேக்கற மூஞ்சியா? திருடான்னு சொல்லுதுய்யா! எங்க குழாய்ல எப்பய்யா தண்ணி விடுவ?"

டாக்கீஸே கைதட்டியது. மறுநாள் தண்ணீர் வந்தது. ஆனால் எனக்கு இன்றும் கண்ணில் நிற்பது புரொஜெக்டர் வெளிச்சத்தில் விழுந்த அத்தையின் நிழல்தான். திரையில் மேயரின் முகத்தை அது முழுசாக மறைத்திருந்தது.