எக்கோ தேடிப் போன பாட்டு

எங்கள் வீட்டில் எடுத்த முதல் பதிவில் சித்தியின் பாட்டைவிடக் குக்கர் விசில்தான் தெளிவாகக் கேட்டது. இரண்டாவதில் கோழி. மூன்றாவதில், பாட்டு நன்றாக ஏறி வரும் இடத்தில், பட்டாசுக் கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது. உள்ளே ஒருத்தி பாடிக்கொண்டிருப்பது டிரைவருக்கு எப்படித் தெரியும்?

பிள்ளைகளா, உங்களுக்கு இப்போது போனைத் தொட்டாலே குரல் பதிவாகிவிடுகிறது. அப்போது அப்படி இல்லை. கேசட் போய் சிடி வந்துகொண்டிருந்த காலம். நான் நாலாம் வகுப்பு. எங்கள் டேப்ரெக்கார்டரில் இரண்டு பட்டன்களைச் சேர்த்து அமுக்கினால்தான் பதிவாகும். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் போச்சு. விரல் வலிக்கும். இருந்தாலும் அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. ஆமத்தூர் பக்கம் இருந்த எங்கள் வீட்டில் எங்களோடுதான் இருந்தாள். காலையில் கம்பெனி வேனில் போய், சாயங்காலம் கையெல்லாம் வெள்ளி மின்ன வருவாள். பட்டாசு மருந்தில் சேரும் அலுமினியப் பொடி அது. வேனில் அவளுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கூட்டாளி அக்கா உட்கார்ந்து போவார்கள். இருவரும் ஒரே அறையில் வேலை. வேன் போகிற நேரத்தில் இருவரும் சேர்ந்து பாட்டுக் கட்டுவார்கள். சித்தி ஒரு வரி போட்டால், அந்த அக்கா பதில் வரி போடுவார்கள்.

அதற்கு முந்தின தீபாவளி சீசனில் கம்பெனியில் ஒரு அறை வெடித்தது. சித்தி அன்றைக்குக் காய்ச்சலென்று வேலைக்குப் போகவில்லை. அந்த அக்கா போயிருந்தார்கள். திரும்பி வரவில்லை. ஆனால் எங்களைப் போன்ற சின்னப்பிள்ளைகளிடம் பெரியவர்கள், அந்த அக்கா திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நானும் நம்பினேன். ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போனதற்காகக் கொஞ்ச நாள் கோபமாகக்கூட இருந்தேன்.

பல மாசம் சித்தி பாடவே இல்லை. ஆடி பிறக்கப் போகிற சமயம் திடீரென்று, ஒரு பாட்டை மட்டும் கேசட்டில் ஏற்ற வேண்டும் என்றாள். வேனில் கட்டிய பாட்டுதான். இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஆடி வெள்ளியில் நடந்து போகிற கூட்டத்துக்காக, சிவகாசியில் கேசட் கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி வருஷாவருஷம் உள்ளூர்க்காரர்களைப் பாடவைத்து ஒரு கேசட் போடுவார். அதில் தன் பாட்டு வரவேண்டும். சித்திக்கு அது ஒன்றுதான் நினைப்பு. சரியாகச் சாப்பிடக்கூட மாட்டாள். அம்மாவுக்கு அவளைப் பார்க்கும்போதெல்லாம் முகம் வாடிவிடும். வீட்டில் எல்லோரும் எதற்கோ பயந்துகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. எதற்கு என்று தெரியவில்லை. பாட்டு சரியாகப் பதிவாகாதோ என்றுதான் பயப்படுகிறார்கள் என்று நினைத்து, நானும் அதற்கே பயந்தேன்.

அண்ணாச்சி எங்கள் மூன்று பதிவையும் கேட்டார். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

"கொரலு நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனா சவுண்டு தட்டையா இருக்கு. ஒரு எக்கோ வேணும். இங்கன மிஷின்ல போட்டுத் தாரேன், பாருங்க."

ஒரு குமிழைத் திருகினார். சித்தியின் குரல் ஒன்று மூன்றாகி, ஒன்றின் மேல் ஒன்று விழுந்தது. எனக்குப் பிடித்திருந்தது. கோயில் கேசட் எல்லாமே அப்படித்தானே இருக்கும். சித்தி வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டாள்.

"இது நான் இல்லண்ணே. எவளோ தகர டப்பாக்குள்ள மாட்டிக்கிட்டுக் கத்துறா."

"அப்ப எக்கோவுக்கு எங்க போவீக?"

"நான் கொண்டாரேன்" என்றாள் சித்தி, எக்கோ ஏதோ கடைச் சாமான் போல.

மறுநாள் பித்தளைக் குடத்துக்குள் வாயை வைத்துப் பாடிப் பார்த்தாள். வண்டு ரீங்காரம் மாதிரி வந்தது. ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டி, இன்னும் தண்ணீர் விடாத தரைத்தொட்டி ஒன்று இருந்தது. ஏணி வைத்து அதற்குள் இறங்கினோம். நாலு வரி பாடுவதற்குள் மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது. ஆடு மேய்க்கிறவர்.

"ஏத்தா, உள்ள விழுந்துட்டியா? கயிறு எடுத்தாரவா?"

"விழல. பாடிட்டு இருக்கோம்."

"அதுக்கு எதுக்குத் தாயி தொட்டிக்குள்ள? பாட்டு அம்புட்டு மோசமா?"

அன்றைக்குச் சித்தி சிரித்தாள். பல மாசத்துக்குப் பிறகு சிரித்தது அதுதான். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில், "எனக்கு ஒரு ரூம்பு தெரியும்லே. ஞாயித்துக்கிழம கூட்டிட்டுப் போறேன். அம்மாகிட்டச் சொல்லாத" என்றாள்.

அந்த அறை அவள் கம்பெனிக்குள் இருந்தது. அடுத்த அறைக்கும் அதற்கும் நடுவே வெட்டவெளி. புதுச் சுவர், புதுச் சுண்ணாம்பு வாசம், நாலு பக்கமும் கதவு. இன்னும் அதிகாரிகள் வந்து பார்க்கவில்லை, அதனால் வேலை தொடங்கவில்லை. வெடித்த அறை இருந்த அதே இடத்தில் எடுத்துக் கட்டியது அது. எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பட்டாசுக் கம்பெனி அறை என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதுதான். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது வாய்ப்பாடு போல மனப்பாடம். செருப்புப் போடக்கூடாது. இரும்பு ஆகாது. நைலான் துணி உரசினாலே பொறி வரும். உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்கிப்போக, உள்ளே போகுமுன் வாசலில் இருக்கிற செம்புத் தகட்டைத் தொட வேண்டும். அப்படியிருக்க, கையில் ஒரு டேப்ரெக்கார்டரோடு அந்த வாசலில் நின்றால் எப்படி இருக்கும்? பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

காவலுக்கு இருந்தவர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். அவருக்கும் என் பயமே இருந்தது, ஆனால் அதை அதட்டலாகக் காட்டினார்.

"ஏலே, என்னலே சட்ட இது? நைலானா? கழத்து."

"உள்ளதான் ஒரு சிட்டிக மருந்து கெடையாதே மாமா" என்றாள் சித்தி.

"கெடையாது. எனக்கும் தெரியும். இருந்தாலும் கழத்தட்டும். அந்தப் பெட்டியும் வாசப்படியத் தாண்டக் கூடாது. பேட்டரி போட்டதுதான?"

நான் சட்டையில்லாமல், டேப்ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே உட்கார்ந்தேன். சித்தி செம்புத் தகட்டைத் தொட்டாள். உள்ளே போனவள் நடுவில் நிற்கவில்லை. இடது பக்கச் சுவரோரம் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், வேலைக்கு உட்காருகிற மாதிரி. தன் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருந்தாள்.

"அமுக்குலே" என்றாள்.

பட்டன் 'டக்'கென்று விழும். அந்த டக்கில் ஒரு பொறி வந்தால்? மருந்து இல்லை என்கிறார்கள். சுவர் இடுக்கில் இருந்தால்? கண்ணை மூடிக்கொண்டு, மாரியாத்தாளைக் கூப்பிட்டுக்கொண்டு, இரண்டையும் சேர்த்து அமுக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. கேசட் சுற்றியது.

சித்தி பாடினாள்.

"மருந்து படிஞ்ச கையோட கும்பிட்டா ஏத்துக்குவியா மாரி?"

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பெட்டி எட்ட இருந்ததால் குரல் நேராக வராமல், சுவரில் பட்டு, கூரையில் பட்டு, மெல்ல நடந்து வந்த மாதிரி வந்தது. மிஷின் எக்கோ போல மேலே மேலே விழவில்லை. கடைசி எழுத்து அறைக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடங்கியது.

அடங்கிய பிறகும் சித்தி அடுத்த வரியைப் பாடவில்லை.

மறந்துவிட்டாளோ என்று பதறினேன். கேசட் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த மௌனத்தில் என் காதுக்கு எல்லாம் கேட்டது. எங்கேயோ 'சர்ர்' என்று ஒரு சத்தம். திரி பிடித்தால் அப்படித்தானே கேட்கும்! ஓடிவிடலாமா, கத்தலாமா? கத்தினால் அதுவும் பதிவாகிவிடுமே. வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். சர்ரென்றது பனை ஓலை. அதற்குள் சித்தி அடுத்த வரியைத் தொடங்கிவிட்டாள். அது முடிந்ததும் மறுபடியும் அதே அளவுக்கு மௌனம். இப்படியே பாட்டு முழுக்க. ஒவ்வொரு மௌனத்துக்கும் நான் ஒரு தடவை செத்துப் பிழைத்தேன்.

வீட்டில் பாடியபோது இப்படி விட்டு விட்டுப் பாடவில்லையே என்று யோசித்தேன். எனக்கு நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். எக்கோ முழுசாகப் பதிவாக வேண்டும், அதற்காகத்தான் நிறுத்துகிறாள். என் சித்திக்கு எம்புட்டு மூளை!

அண்ணாச்சி அந்தப் பதிவைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க எடுத்தீக? மெட்ராஸ்ல எடுத்தாப்ல இருக்கே!" என்றார். பிறகு முதல் மௌனம் வந்தது. அவர் முகம் மாறியது.

"இதென்ன, நடுவுல நடுவுல காலியா கெடக்கு? கேசட் சிக்கிக்கிருச்சுன்னு நெனப்பாக தங்கச்சி. வெட்டி ஒட்டிருவோம். இல்ல, அங்கன கீபோர்டு வாசிச்சு நெரப்பிருவோம்."

"வேண்டாம்ணே. அப்பிடியே இருக்கட்டும்."

"வெளையாடாதீக. தொழில் தெரிஞ்சவன் சொல்றேன்."

"அப்பிடியே போடுறதா இருந்தாப் போடுங்க. இல்லேன்னா கேசட்டக் குடுத்துருங்க."

சட்டையைக் கழற்றி, உயிரைப் பிடித்துக்கொண்டு எடுத்த பதிவு இது. ஒரு பிடிவாதத்தில் போய்விடும் போலிருக்கிறதே! சித்தி என்னைப் பார்த்து, "போய் அண்ணனுக்கு டீ வாங்கிட்டு வா" என்றாள். ஓடிப்போய் வாங்கி வந்தேன். திரும்பி வந்தபோது அண்ணாச்சி சித்தியைப் பார்க்காமல் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

"ஒண்ணும் சேக்கல. எடுத்தது எடுத்தபடியே போடுறேன்" என்றார். டீ அவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு நாங்களும் கூட்டத்தோடு இருக்கன்குடிக்கு நடந்தோம். சித்தியின் கம்பெனிப் பெண்கள் எங்களுக்கு முன்னால் மஞ்சள் சேலையில் போனார்கள். வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தல். குழாய் ஸ்பீக்கரில் அண்ணாச்சியின் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோர் பாட்டும் கீபோர்டும் உருமியுமாக அதிர்ந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே, ஒரு பக்கவாத்தியமும் இல்லாமல், சித்தியின் குரல் வந்தது.

"மருந்து படிஞ்ச கையோட கும்பிட்டா ஏத்துக்குவியா மாரி?"

பிறகு மௌனம். மைக்செட்காரர் தலையைத் தூக்கினார். "சிக்கிருச்சுடா" என்று எழுந்து பெட்டியைத் தட்டப் போனார். தட்டினால் நிஜமாகவே சிக்கிக்கொள்ளுமே! "சிக்கலண்ணே, அப்பிடித்தான், அப்பிடித்தான்" என்று கத்திக்கொண்டு பந்தலுக்கு ஓடினேன்.

அதற்குள் இரண்டாம் வரியும் முடிந்து, அடுத்த மௌனம் வந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த கம்பெனிப் பெண்கள் நின்றுவிட்டார்கள். முதலில் ஒருத்தி, பிறகு இரண்டு பேர், பிறகு அத்தனை பேரும், தினமும் வேனில் கேட்ட அந்தப் பதில் வரியைப் பாடினார்கள்.

"தேச்சாலும் போகலியே, தெரியாதா உனக்கு மாரி?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த மௌனத்தைக் காப்பாற்ற நான் என்ன பாடுபட்டிருக்கிறேன்! எக்கோ சுற்றி அடங்குகிற நேரத்தில் இப்படி எல்லோரும் சேர்ந்து கத்தினால் என்ன கேட்கும்? கையை விரித்து, "சும்மா இருங்க, சும்மா இருங்க" என்று அவர்களைப் பார்த்துச் சொன்னேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. அவர்களில் சிலர் அழுதுகொண்டே பாடினார்கள். ஒவ்வொரு மௌனத்தையும் ஒன்று விடாமல் நிரப்பினார்கள்.

திரும்பிப் பார்த்தேன். சித்தி ரோட்டோரம் மண்ணில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக் குலுங்கிக்கொண்டிருந்தாள். அம்மா அவள் தோளைப் பிடித்திருந்தாள். சித்திக்கு வந்த துக்கம் எனக்குப் புரிந்துவிட்டதாகவே நினைத்தேன். கிட்டப் போய், அவள் காதருகே குனிந்து சொன்னேன்:

"அழாத சித்தி. இவுகதான் கெடுத்துட்டாக. வீட்டுல போட்டுக் கேட்டா எக்கோ அப்பிடியே சுத்தமா இருக்கும்."