சேவல் கீழே, பையன் மேலே

சுக்குநாறிப் புல் காலடியில் நசுங்கும்போது எழுகிற வாசனை இருக்கிறதே, அதைச் சுக்குக் கஷாயம் என்பதா எலுமிச்சை என்பதா என்று எனக்கு இன்றுவரை தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அது எங்கே மூக்கில் ஏறினாலும் எனக்குப் பன்னிரண்டு வயதாகிவிடுகிறது, கக்கத்தில் ஒரு சேவல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அந்தச் சேவலுக்கு ஒரு காரணம் உண்டு. காமயகவுண்டன்பட்டியில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கிழக்கே, இரண்டு கரடுகளைத் தாண்டி, அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்த தோட்டம் இருந்தது. பாறையும் புதருமான சின்ன மலைகளை எங்கள் பக்கம் "கரடு" என்றுதான் சொல்வோம். அக்கா வீட்டுச் சேவலைக் காட்டுப்பூனை கொண்டுபோய்விட, விடியற்காலையில் மச்சானை எழுப்ப ஆளில்லாமல் போயிற்று. எங்கள் வீட்டிலிருந்து ஒன்றைக் கொடுத்தனுப்ப வேண்டியதாயிற்று.

மச்சான் அடுத்த வாரம் கூடலூர் வழியாகக் குமுளிக்கு நெல் வண்டி ஓட்டிப் போவதாக இருந்தார். மலையேறும் வண்டியில் ஒருமுறையாவது உட்கார வேண்டும் என்று நான் இரண்டு வருடமாக அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை அவர் ஒரு நிபந்தனை சொல்லிவிட்டார்: "சேவலத் தூக்கிக்கிட்டுத் தனியாக் கரடு தாண்டி வாங்க மாப்ள. வந்துட்டா வண்டியில ஏறுங்க. பாதி வழியில அழுதுக்கிட்டுத் திரும்புனீகன்னா, வீட்டுல உக்காந்து தொட்டில ஆட்டுங்க." "நீங்க, வாங்க" என்ற அந்த மரியாதையில்தான் கேலி முழுவதும் இருந்தது.

ஆக, ஒரு தை மாதக் காலையில், காலைக் கட்டிய சேவலோடு வீரன் ஒருவன் புறப்பட்டான்.

முதல் தோட்டத்தில் வெள்ளையம்மா என்கிற பெண்பிள்ளை மொச்சை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"ஏலே, யாரு வீட்டுப் பிள்ளை? எங்கன போற?"

சொன்னேன்.

"தனியாவா?"

"தனியாத்தேன். ஆம்பளப் பிள்ளைக்குத் துணை எதுக்கு?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சேவலைப் பார்த்தாள். "அதான் சேவல் இருக்குல்ல. தைரியமாப் போ."

கம்பங்கூழும் வறுத்த மோர்மிளகாயும் கொடுத்து அனுப்பினாள். நான் கொஞ்ச தூரம் ஏறியதும், பின்னால் அவள் வாயில் கைகுவித்து நீளமாக ஏதோ கூவியது கேட்டது. கோழிக்குஞ்சுக்குப் பருந்து வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு நடந்த நடையைப் போல ஒரு சுகத்தை நான் பின்னால் அதிகம் கண்டதில்லை. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் நெல் பழுத்துக் கிடக்க, நடுவில் ஆறு மட்டும் வெயிலில் மின்னி மின்னி மறைய, மேலே யாருமே இல்லாத அமைதியில் என் காலடிச் சத்தம் எனக்கே ஒரு பெரிய மனிதர் நடந்து வருவதுபோலக் கேட்க, நான் சேவலிடம் ஊர் நியாயமெல்லாம் பேசிக்கொண்டு போனேன். அது எதையும் மறுக்கவில்லை. அவ்வளவு நல்ல துணை எனக்குப் பிறகு அலுவலகத்தில்கூட வாய்க்கவில்லை.

இரண்டாவது கரட்டின் உச்சியில்தான் புதர் அசைந்தது.

பாதையோரத்தில் ஓர் உசிலை மரம் நின்றது. அதில் எப்படி ஏறினேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. ஏறி முடித்த பிறகுதான் மேலே இருப்பதே எனக்குத் தெரிந்தது. சேவல் கீழே கிடந்தது. துணை என்று சொல்லப்பட்ட அதைத் தரையில் போட்டுவிட்டு வந்துவிட்டோமே என்று ஒரு கணம் வருந்தினேன், ஆனால் இறங்குகிற அளவுக்கு வருந்தவில்லை. அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், சத்தமாகத்தான்.

புதரை விலக்கிக்கொண்டு ஒரு வெள்ளாட்டங்குட்டி வெளியே வந்தது. சேவலைப் பார்த்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. மென்றுகொண்டே போய்விட்டது.

எதிர்ச்சரிவில் தினைக்காட்டுப் பரணில் நின்ற ஓர் ஆள் அப்போது கைகுவித்து ஏதோ கத்தினான். கிளி விரட்டுகிறான் என்று எண்ணினேன். யாரும் பார்க்கவில்லை என்ற நிம்மதியில் இறங்கி, முகத்தைத் துடைத்து, சேவலைச் சமாதானப்படுத்தி நடந்தேன். வழிநெடுக அந்த ஆட்டுக்குட்டி என் மனசுக்குள் வளர்ந்தது. அடிவாரத்துக்கு வருவதற்குள் அது முழுச் சிறுத்தையாகி, என் கையால் கல்லடியும் வாங்கிவிட்டது.

அங்கே ஒருவர் கமலை ஓட்டிக்கொண்டிருந்தார். மாடுகள் கிணற்றடிச் சரிவில் இறங்குவதும் பின்னோக்கி ஏறுவதுமாக நீர் இறைத்தன. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர், "ஒங்கக்கா வீடு அந்தப் புளியமரத்துக்குப் பின்னால" என்றார். நமக்கு அக்கா முகச்சாயல் போலிருக்கிறது என்று பெருமைப்பட்டேன்.

போனால், அக்கா இலையில் சோறு போட்டு வைத்திருந்தாள். "கால் கழுவுடா, ஆறுது."

கட்டிலில் கிடந்த மச்சானிடம் நேராகப் போனேன். "மச்சான், வர்ற வழியில ஒரு சிறுத்தை..."

"குட்டியா, தாயா?"

"தாய்தேன். இத்தாத்தண்டி!"

"மே-ன்னு கத்துச்சா?"

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தக் கரட்டுப் பாதையில் யார் தனியாக நடந்தாலும் ஒரு தோட்டத்தார் அடுத்த தோட்டத்துக்குக் கூவிச் சொல்லிவிடுவார்களாம். அதற்கு "கூவி விடுறது" என்று பெயராம். வெள்ளையம்மா பருந்தை விரட்டவில்லை. பரண்காரன் கிளியை விரட்டவில்லை. "சேவலு கீழ, பையன் மேலேய்ய்" என்று அவன் கூவியதைக் கமலைக்காரர் வாங்கி, கிணற்றுமேட்டில் நின்ற அக்காவுக்குக் கொடுத்திருக்கிறார். "அழுகுறான்" என்பது தனியாக, பின்னால் வந்ததாம். மலையில் தன்னந்தனியாக நடந்த அந்தக் காலை முழுவதும் ஊரே என்கூட நடந்திருக்கிறது!

குமுளி வண்டி இனி நமக்கில்லை என்று இலைக்கு முன்னால் உட்கார்ந்து குனிந்துகொண்டேன்.

"ஏன் மாப்ள மொகம் தொங்குது? திரும்பிப் போகலையில்ல, வந்துட்டீகல்ல?" என்றார் மச்சான். அக்கா பக்கம் திரும்பி, "மலையேத்தத்துல ராத்திரி எனக்குக் கண்ணு சொருகிரும், கூட வர்ற பயலுக எனக்கு முந்தியே கொறட்ட விடுறானுக. ஆட்டுக்குட்டிக்கே மரம் ஏறுற ஆளு கண்ண மூடுவான்ங்கிற? இவந்தேன் எனக்குச் சரியான ஆளு" என்றார்.

அவர் கணக்குத் தப்பவில்லை. குமுளி போய்ச் சேரும்வரை நான் இமைகூடக் கொட்டவில்லை. ஒவ்வொரு புதரிலும் எனக்குச் சிறுத்தை தெரிந்தது. ஒவ்வொன்றையும் மச்சானைத் தட்டி எழுப்பிக் காட்டினேன்.

போன தையில் அந்தக் கரட்டைப் பேரனின் ஜீப்பில் கடந்தேன். பாதை தார்ச்சாலையாகிவிட்டது, கமலை இருந்த கிணற்றில் மோட்டார் ஓடுகிறது, தினையும் இல்லை, பரணும் இல்லை. வழியில் பேரனுக்குப் போன் வந்தது. உச்சியில் இருந்துகொண்டே "கம்பம் வந்துட்டேன்" என்றான். எங்கள் காலத்தில் இந்த வசதி கிடையாது.

ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கி, புல்லை மிதித்து, வாயில் கைகுவித்து ஒரு கூவு கூவினேன். எந்தப் பக்கத்திலிருந்தும் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு புதர் மட்டும் அசைந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். வயதானதும் தைரியம் வந்துவிட்டது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மரத்தை நான் பார்க்கத்தான் செய்தேன், முழங்கால்தான் சம்மதிக்கவில்லை.