உ-வில் தொடங்கும் சொற்கள்

எங்கள் அண்ணன் ஒரு ஆளின் கழுத்தை நெரித்தது இரண்டே இரண்டு எழுத்துக்காக. சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள்.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு போர்வெல் கம்பெனியில் எங்கள் இருவருக்கும் துளைபோடும் இரும்புக் குழாயான ராடைப் பிடிக்கிற வேலை. மேலே லிவரைப் பிடித்திருக்கும் டிரில்லர் “உடு!” என்று கத்தியதும் ராடிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். ஒருமுறை டிரில்லர் ராடை இறக்கிய பிறகுதான் கத்தினான். அண்ணனின் இரண்டு விரல்கள் கூழாகிவிட்டன. அந்தக் கையால் இனி ராடு தூக்க முடியாது. அதனால் அடுத்து வரும் புது போர்வெல் வண்டியில் டிரில்லர் சீட்டு அவனுக்குத்தான் என்று முதலாளியே சொல்லியிருந்தார். அதை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பு இல்லை.

வண்டி வந்த கையோடு முதலாளி மூளைப் பரீட்சை வைத்தார். மூளை ஓடுகிற வேகத்தைப் பார்த்தே ஆள் எப்படி வேலை செய்வான் என்று சொல்லிவிடலாமாம். என்ன கண்றாவியோ! அதற்கென்று வெளியூரிலிருந்து ஒருத்தன் டேப்லெட்டோடு வந்து உட்கார்ந்தான். உ, ஊ இரண்டில் தொடங்கும் சொற்களை மளமளவென்று சொல்ல வேண்டும் என்றான்.

அண்ணன்தான் முதல் ஆள். “ஊடு, உடு, உழுந்துட்டான், உட்டுட்டான், உசுரு...”

“தப்புங்க. அது வீடு, விடு, விழுந்தான். உசுரை மட்டும் எடுத்துக்கறேன்.”

“ஏனுங்க, எங்கூர்ல பச்சக் கொழந்தகூட ஊடுன்னுதானுங்க சொல்லும்.”

அவன் சிரித்தான். “இந்த மூளைய வெச்சுக்கிட்டு மெஷினை எப்படிங்க ஓட்டுவீங்க?”

அண்ணன் மேசையைத் தாண்டிப் பாய்ந்து, அவன் கழுத்தை நெரித்து முகத்தைச் சுவரில் மோதினான். மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். டேப்லெட் காலடியில் நொறுங்கியது. அவன் கண் செருகுவதைப் பார்த்து நான் கத்தினேன்.

“உடுண்ணா! செத்துருவான், உடு!”

அந்தச் சொல்லுக்குத்தான் அண்ணனின் கை தானாக விலகியது.

முதலாளி ஓடி வந்து அண்ணன் கன்னத்தில் பளாரென்று அறைந்தார். “ஆளையே கொல்லப் பாக்கறயாடா? ஊட்டுக்குப் போ!” அவர் வாயிலும் ஊடுதான். அதற்கு யார் மார்க் போடுவது?

மறுவாரம் வேறொருத்தன் வந்து வைத்த பரீட்சையில் நான் உலகம், உப்பு, ஊசி என்று அளந்துவிட்டேன். எனக்கு மூளை பிரமாதமாக ஓடுகிறதாம். சீட்டு எனக்கே. வேண்டாமென்று சொல்லத்தான் கிளம்பினேன். வாசலில் அண்ணன் மறித்தான்.

“சீட்ட உட்றாத சாமி. நம்மூட்டுலயே இருக்கட்டும்.”

சொல்லாமலே திரும்பி வந்தேன்.

ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு சோளக்காட்டில் முதல் குழி போட்டோம். ராடு தொங்குகிறது. கீழே ஒருவன் அதைக் கட்டிப் பிடித்திருக்கிறான். நான் கத்த வேண்டும். லிவரைப் பிடித்தபடி அண்ணனின் விரல்களை நினைத்துக்கொண்டிருந்தேன்.

“ஏனுங்கண்ணா, உடறதா வேண்டாமா?” என்று அவன் அலறினான்.

“உடுறா!”

தொண்டை கிழியக் கத்தினேன். அவன் கையை எடுத்த பிறகுதான் ராடு இறங்கியது. பத்து விரலும் தப்பின.