பத்தரைக்குள் வாங்கிய கார்

மயிலாப்பூரில் எங்கள் பிள்ளையார் கோயில் வாசலில் எலுமிச்சம்பழம், கற்பூரம், தேங்காய் விற்கிறேன். வண்டி வாங்குகிறவர்கள் முதலில் இங்கேதான் வருவார்கள். நாலு சக்கரத்துக்கு நாலு பழம், உடைக்க ஒரு காய், முன்கண்ணாடிக்கு ஒரு முழம் பூ. எத்தனையோ வண்டி பார்த்துவிட்டேன். சமையல் கான்ட்ராக்டர் ஸ்ரீரங்கன் சாமி வாங்கிய காரைப் போல பக்தியுள்ள வண்டியை மட்டும் இன்னொன்று பார்க்கவில்லை.

சாமி நல்ல மனுஷர். அவர் ரசத்தை இறக்கினால் பக்கத்துத் தெருவில் இருப்பவர்களுக்கும் பசிக்கும். கல்யாணம், சீமந்தம், பூணூல் என்று இருபது வருஷமாகச் சமைத்துப் போடுகிறார். ஒரு மினி வேன் வைத்திருந்தார். அண்டா, கரண்டி, இலைக்கட்டு, நாலு ஆள் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து பிள்ளையாருக்குக் காய் உடைப்பார். ஒரு வெள்ளிக்கிழமை காயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

“இன்னா சாமி, காய் அழுகலா?”

“காய் நன்னாத்தான் இருக்கு ஜெயபாரதி. என் நேரம்தான் அழுகல்.”

தி.நகரில் ஒரு பெரிய கல்யாண ஆர்டர் கைநழுவிப் போயிருந்தது. அதைப் பிடித்தவர் பெரிய காரில் போய் இறங்கினாராம். “அவன் சாம்பார்ல பருப்பை வலைபோட்டுத் தேடணும். ஆனா கார் வச்சிருக்கான். நான் வேன்ல போய் இறங்கினா, சிலிண்டர் போடவான்னு வாட்ச்மேன் கேக்கறான்.”

அடுத்து பெசன்ட் நகர் சாய்நாத் வீட்டுக் கல்யாணம் பேச்சில் இருந்தது. தை மாதம், மூன்று நாள், எட்டு வேளைச் சாப்பாடு. அது கிடைத்தால் சாமிக்கு வருஷம் ஓடிவிடும். அதைப் பிடிக்கக் கார் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். ரசம் போதாதா என்று கேட்டேன். உலகம் தெரியாதவள் என்பது போலப் பார்த்தார்.

அடையாறில் பழைய கார் விற்கிற கடையில் ஒரு ஜெர்மனி கார் நின்றது. ஒன்பது வயசு. புதுசின் விலையில் கால்வாசி கொடுத்தால் போதுமாம். மீதி முக்கால்வாசியை முதல் சொந்தக்காரர் எதற்காக விட்டுக்கொடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை. தர்மவான் போலிருக்கிறது.

சாமி முதலில் பார்த்தது நம்பரை. கூட்டினால் ஆறு வந்தது. ஆறு அவருக்கு ராசி. அதனால் பாதி கார் நல்ல கார் ஆகிவிட்டது. மீதிப் பாதியைப் பார்க்க புதுப்பேட்டை மெக்கானிக் ஹபீபுர் ரஹ்மானிடம் சொல்லி வைத்திருந்தார். வேனைப் பத்து வருஷமாகப் பழுதுபார்த்தவர் அவர். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வருகிறேன் என்றார். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பம்.

“அரை மணி நேரத்துல கார் எங்கயும் ஓடிடாது சாமி. நான் வந்து பார்த்துட்டு சொல்றேன், அப்பால காசு குடுங்க” என்று பாய் போனில் கெஞ்சியிருக்கிறார்.

“ராகுகாலத்துல நான் உப்புகூட வாங்கறதில்லை பாய்” என்று சாமி வைத்துவிட்டார்.

பத்து இருபதுக்குக் கையெழுத்துப் போட்டார். வேனை விற்ற காசு, அவர் மனைவி விசாலாக்ஷி மாமியின் வளையல்கள், மிச்சத்துக்குத் தவணை.

நானும் ராகுகாலம் பார்க்கிறவள்தான். அந்த நேரத்தில் முதல் போணி பண்ணமாட்டேன். ஆனால் எலுமிச்சம்பழத்தைக்கூட நாலு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் கூடையில் போட்டதில்லை.

அன்று சாயங்காலம் கார் பூஜைக்கு வந்தது. கருப்பு நிறம், முகம் தெரிகிற பளபளப்பு. மாமி பட்டுப்புடவையில் பின் ஸீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கத் தெரியாமல் உள்ளேயிருந்தே என்னைப் பார்த்துச் சிரித்தார். அர்ச்சகர் தீபம் காட்டினார். கார் நாலு பழத்தையும் நசுக்கி நின்றது. பிறகு ‘புஸ்’ என்று ஒரு பெருமூச்சு விட்டு, முன்பக்கம் மெதுவாகத் தரையை நோக்கிக் குனிந்தது.

“பார்த்தியா? பிள்ளையாருக்கு நமஸ்காரம் பண்றது” என்றார் சாமி.

அர்ச்சகர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும்தான் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் பாய் வந்து காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். அந்தக் காரைத் தாங்குவது சாதாரண ஸ்பிரிங் இல்லையாம், காற்றுப் பையாம். முன்பக்கப் பை ரெண்டும் கிழிசல். எழுந்து உள்ளே போய், ஸீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். உருவ உருவ வந்த பெல்ட்டின் அடிமுனையில் காய்ந்த சேற்றுக்கோடு.

“ஆர்.சி.யில பழைய ஓனர் வேளச்சேரி. மழையில முழுகின வண்டி சாமி இது. ஸீட்டைக் கழுவுவான், வெளியே பாலிஷ் போடுவான். பெல்ட்டை மட்டும் முழுசா இழுத்துக் கழுவ மாட்டான், எவனும் இழுத்துப் பார்க்க மாட்டான்னு.”

“திருப்பிக் குடுத்துடலாமா பாய்?”

பாய் கடைக்காரன் கொடுத்த பேப்பரைப் படித்தார். “இருக்கிறபடியே வாங்கிக்கிறேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நல்ல நேரத்துலதான் போட்டிருக்கீங்க.”

அதன் பிறகு சாமி காருக்காகச் சமைக்க ஆரம்பித்தார். ஒரு காற்றுப் பை வாங்க ஒரு பூணூல் கல்யாணம் சமைக்க வேண்டும். அதுவும் வெளிநாட்டிலிருந்து வரவேண்டுமாம். வரும்வரைக்கும் பாய் எதையோ வைத்து ஒட்டிக் கொடுத்தார். அது சரியானதும் ஸ்டியரிங்குக்கு எதிரே இருக்கிற திரையில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அதை அணைக்க ஒரு சீமந்தம். கோயம்பேட்டில் கத்தரிக்காய்க்காரர் காரைப் பார்த்துவிட்டுக் கிலோவுக்கு ரெண்டு ரூபாய் ஏற்றிச் சொன்னார். அன்னதானக் கமிட்டிக்காரர்கள் ரசீது புத்தகத்தோடு வீட்டுக்கே வந்தார்கள். வேன் இருந்த காலத்தில் அவர்களுக்கு சாமியின் வீடே தெரியாது. அண்டாக்களை ஏற்ற வாடகை வேன் தனி. முன்னால் அண்டா போகும், பின்னால் சாமி காரில் போவார். ஊர்வலம் மாதிரி இருக்கும்.

“சாய்நாத் ஆர்டர் வந்தா எல்லாம் சரியாயிடும்” என்பார். ஒருநாள் காரிலேயே போய்ப் பேசிவிட்டும் வந்தார். “வாசல்வரைக்கும் வந்து காரைப் பார்த்தார் ஜெயபாரதி. ரொம்ப நாழி பார்த்துண்டே நின்னார்.”

சமைத்த பதார்த்தங்களைக் கொண்டுபோய் ருசி காட்டுகிற நாள் வந்தது. சாம்பார், ரசம், பொரியல், பாயசம் எல்லாம் பின் ஸீட்டில். மாமிக்கு இடமில்லை, வீட்டிலேயே இருந்துவிட்டார். போகிற வழியில் சாமி கோயில் வாசலில் இறங்கிக் காய் உடைத்துவிட்டு ஏறினார். கார் பெருமூச்சு விட்டது. முன்னால் குனிந்தது. பின்னாலும் குனிந்தது. திரை முழுக்க விளக்கு எரிந்தது, கார்த்திகை தீபம் மாதிரி. அதற்குமேல் அசையவில்லை.

சாமி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் தணிகாசலம் ஆட்டோவோடு எதிரில்தான் நின்றார்.

“இன்னா சாமி, வேண்டுதல் பெருசா? சாஷ்டாங்கமா விழுந்துட்ச்சு” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பாத்திரங்களை மாற்ற ஆரம்பித்தார். பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கடையைப் பூக்காரியிடம் விட்டுவிட்டு நானும் ஏறினேன். பெசன்ட் நகர் போகும்வரை ரசத்தூக்கு என் மடியில் இருந்தது. இன்றைக்கும் அந்தப் புடவையில் பெருங்காய வாசனை போகவில்லை.

சாய்நாத் வாசலுக்கு வந்து ஆட்டோவைப் பார்த்தார். “கார் என்னாச்சு?”

“சர்வீஸுக்கு விட்டிருக்கேன்.”

அவர் நெளிந்தார். “உங்களுக்கு போன் பண்ணிச் சொல்லிடணும்னுதான் இருந்தேன் ஸ்ரீரங்கன். அன்னிக்கு உங்க காரைப் பார்த்ததும் எங்காத்துல பயந்துட்டா. அந்தக் காருக்குத் தவணையும் நம்ம கல்யாணத்துலதானே கட்டுவார்னு கேட்டா. எனக்கும் நியாயமாப் பட்டுது. இன்னொருத்தர் ஸ்கூட்டர்ல வந்தார். அவருக்கே குடுத்துட்டோம்.”

தூக்கை என்ன செய்வது என்று தெரியாமல் நான் நின்றேன். சாய்நாத்தின் மனைவி காமாக்ஷி அம்மா வெளியே வந்து, “சூடு ஆறிடும், உள்ளே கொண்டு வாங்கோ” என்றார். ஒரு டம்ளர் ரசம் குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார். பிறகு கணவரைப் பார்த்து, “முகூர்த்தத்தன்னிக்குக் காலை டிபனாவது இவருக்குக் குடுத்துடுங்கோ” என்றார்.

எட்டு வேளையில் ஒரு வேளை. அதில் ரசமும் கிடையாது.

திரும்பி வருகையில் அடையாறு சிக்னலில் ஆட்டோ நின்றது. அங்கேதான் சாமி, “தணிகாசலம், ஆதம்பாக்கத்துல என் வேனை வாங்கினவன் இன்னும் வச்சிருப்பானோ?” என்றார்.

காரைப் புதுப்பேட்டையில் பாகம் பாகமாகப் பிரித்து விற்றுக் கொடுத்தார் பாய். தவணை மட்டும் பிரியவில்லை, முழுசாக இருக்கிறது. வேனை விற்ற விலையைவிடக் கூட்டிக் கொடுத்துத்தான் திரும்ப வாங்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கே ஆதம்பாக்கத்துக்காரர் வேனை என் கடை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். “பத்தரைக்குள்ள முடிச்சுக்கலாம் சாமி, ராகுகாலம் வந்துரும்” என்றார்.

“பாய் பதினோரு மணிக்கு வரேன்னிருக்கார்” என்று சாமி என் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பத்தரை ஆனது. கண்ணை மூடி வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், எழுந்திருக்கவில்லை.

பதினொன்றேகாலுக்கு பாய் வந்தார். அடியில் படுத்துப் பார்த்தார், இன்ஜினை ஓட்டிக் கேட்டார், பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார்.

“அது என் பெல்ட்தானே பாய்?”

“விக்கிறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க சாமி.”

வண்டி சரி என்று அவர் தலையாட்டிய பிறகுதான் காசு கைமாறியது. பழம் மட்டும் பன்னிரண்டுக்கு மேல்தான் தருவேன் என்று சொல்லிவிட்டேன்.

“அதுக்குள்ள நடை சாத்திடுவாளே” என்றார் சாமி.

“பிள்ளையார் உள்ள இருந்தே பார்த்துப்பாரு, குந்துங்க.”

பன்னிரண்டு அடித்ததும் நாலு பழம் வைத்தேன். வேன் தடதடவென்று ஏறி நசுக்கிவிட்டு நிமிர்ந்து நின்றது. சாத்தின கதவுக்குள் பிள்ளையார் இருக்கிறாரே, ஒரு அங்குலமாவது குனியவேண்டாமா? அதற்கு அந்தக் காரின் பக்தியில் கால்வாசிகூடக் கிடையாது.